மதிலுக்கு வெளியே கிடக்கிற பிள்ளைகளுக்காக: திருநெல்வேலிச் சீமை சபைகளுக்கு ஒரு திறந்த மடல்

கர்த்தருக்குள் அன்பான போதகர்களாகிய ஐயர்மாருக்கும், உபதேசியார்மாருக்கும், சேகரக் கமிட்டி அங்கத்தினர்களுக்கும், கல்லறைத் தோட்டத்துச் சாவியை வைத்திருக்கிற ஊர்ப் பெரியவர்களுக்கும் தோத்திரம்.

நான் ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர். தேரிக்காட்டு ஓரத்து ஊர்க்காரி. ஞானஸ்நானம், திடப்படுத்தல், கல்யாணம் மூன்றும் ஒரே கோயிலில் ஆனவள். முப்பத்துநாலு வருஷம் பிரசவம் பார்த்திருக்கிறேன். வேதசாஸ்திரக் கல்லூரிக்குப் போனதில்லை. ஆனாலும் பிறக்கிற பிள்ளையை முதல் முதலாகக் கையில் வாங்குகிறவள் என்கிற முறையில், பிள்ளை பிறக்கும்போது எதைக் கொண்டுவருகிறது என்று பேச எனக்கும் கொஞ்சம் உரிமை உண்டு.

கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். ஞானஸ்நானம் பெறுமுன்னே இறந்துபோகிற பச்சைப்பிள்ளைக்கும் மற்றவர்களுக்குச் செய்கிற அதே அடக்க ஆராதனையைச் செய்யுங்கள். கோயில் மணியை அடியுங்கள். கல்லறைத் தோட்டத்துக்குள்ளே இடம் கொடுங்கள். அடக்கப் பதிவேட்டில் பேரை எழுதுங்கள். இதையெல்லாம் கேட்காமலே செய்கிற ஐயர்மார் சிலரை எனக்குத் தெரியும். அவர்களுக்கு என் நன்றி. செய்யாத இடங்களும் இருக்கின்றன. அப்படி ஓர் இடத்தில் போன வருஷம் நான் நின்றேன்.

ஆடி மாசம் என் அக்கா மகளுக்குப் பிள்ளை பிறந்தது. ஏழு மாசத்துப் பிள்ளை, ஒரு கிலோ இருநூறு. மூன்று நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தது. மருமகன் மஸ்கட்டில் வேலை. அவன் லீவு போட்டு வந்ததும் ஞானஸ்நானம் என்று பேசிக்கொண்டிருந்தோம். மூன்றாம் நாள் விடியற்காலம் பிள்ளை போய்விட்டது. பூத்துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு காரில் ஊர் வந்தோம்.

வந்து ஒரு மணி நேரத்துக்குள் கமிட்டியிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். நல்லவர்கள். எங்கள் வீட்டு நல்லது கெட்டது எதற்கும் முதல் ஆளாக நிற்கிறவர்கள். திண்ணையில் உட்காராமலே பேசினார்கள். "ஞானஸ்நானம் ஆகலியே. மணி அடிக்க வேண்டாம்னு பாக்கோம். தோட்டத்துக்கு மேக்கால, மதிலுக்கு அந்தப் பக்கம் இடம் கெடக்கு."

ஐயர் இளவயசுக்காரர். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "எழுதின சட்டம்னு எதையும் நான் பாக்கலம்மா, ஊர் வழக்கம்னு சொல்லுதாங்க. நான் வந்து ஆறு மாசந்தான் ஆகுது" என்றார். கண் கலங்கியிருந்தார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. வீட்டுக்குள்ளேயே சின்னதாக ஒரு ஜெபம் பண்ணினார். அங்கி போடவில்லை, புத்தகம் எடுக்கவில்லை. மண்ணைத் தள்ளும்போது மணிக்கூண்டு எங்கள் கண்ணுக்கு நேரே தெரிந்தது. கயிறு காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

அன்று ராத்திரி துக்கம் கேட்க வந்த ஓர் அம்மாள், ஆறுதலாகச் சொல்வதாய் நினைத்துத்தான் சொன்னாள்: "என்ன செய்ய, ஜென்ம பாவத்தோடயே போயிட்டுதே பிள்ள." அக்கா மகள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்தோம். எல்லாரும் எழுந்து போன பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "சித்தி, அது நான் எந்த ஜென்மத்துல செஞ்ச பாவம்?"

அவள் முதுகலை படித்தவள். ஓய்வுநாள் பள்ளியில் பரிசு வாங்கினவள். ஜென்ம பாவம் என்றால் ஆதாமின் பாவம் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் மார்பில் பால் கட்டிக்கொண்டு பிள்ளையில்லாமல் படுத்திருக்கிறவளுடைய காதில் விழுந்தது 'ஜென்மம்' மட்டும்தான். நம் பேச்சில் ஜென்மம் தனியாக வருவதில்லையே. போன ஜென்மம், ஏழு ஜென்மம், எந்த ஜென்மத்துப் பாவமோ என்றுதான் வரும்.

ஜென்ம பாவம், கரும பாவம் என்று சிறுவயதில் நாங்களும் வரிசையாக நின்று ஒப்பித்திருக்கிறோம். பிறவியோடு வருவது முன்னது, தானே செய்வது பின்னது. ஜென்மம், கருமம் இந்த இரண்டு சொற்களும் சுவிசேஷம் வருவதற்கு எத்தனையோ நூற்றாண்டு முந்தியே இந்த மண்ணில் வேறொரு கணக்குக்குச் சொந்தமாகிவிட்டவை. போன பிறப்பில் செய்தது இந்தப் பிறப்பில் விளையும், குனிந்து அனுபவி என்கிற கணக்கு. "நீ செஞ்ச வினை, நீ பனையேறு; நீ செஞ்ச வினை, நீ தெருவுக்கு அந்தப் பக்கம் நில்லு" என்று நம் பாட்டன் பூட்டன்மாருக்கு அந்தக் கணக்கைத்தான் சொன்னார்கள். அதிலிருந்து விடுதலை உண்டு என்று கேள்விப்பட்டு வேதத்துக்கு வந்தவர்கள் அவர்கள். வந்த இடத்திலும் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு அதே கணக்குத்தான் எழுதிக் கொடுக்கப்படுகிறது என்றால், எங்கேயோ ஒரு பெரிய தவறு நடந்திருக்கிறது. பிறவிக்குருடனைக் காட்டி, "இவன் செய்த பாவமோ, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமோ?" என்று சீஷர்கள் இதே கேள்வியைத்தான் இயேசுவிடம் கேட்டார்கள். இரண்டும் இல்லை என்றார் அவர். யோவான் 9-ம் அதிகாரம். நாம் இன்னும் சீஷர்களின் கேள்வியிலேயே நிற்கிறோம்.

இந்த மதிலுக்கு வெளியே எனக்கு இன்னொருவரும் உண்டு.

எனக்கு முன்னே 1955-ல் என் அம்மாவுக்கு ஓர் ஆண்பிள்ளை பிறந்தது. நாலாம் நாள் இறந்துவிட்டது. அப்பா பனையேறி. அது பதநீர்க் காலம். உபதேசியார் ஊரில் இல்லை. ஐயரை அழைத்துவர வண்டி கட்டுவதற்குள் முடிந்துவிட்டது. கடகப்பெட்டியில் பழஞ்சேலையை மடித்துப் போட்டு, பிள்ளையை அதில் கிடத்தி, மாமா தலையில் வைத்துக் கொண்டுபோனாராம். அப்போது தோட்டத்துக்கு மதில் கிடையாது, கள்ளிவேலிதான். வேலிக்கு அந்தப் பக்கம் ஓர் உடைமரத்தடியில் வைத்தார்கள்.

எனக்கு இது எதுவும் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் அம்மாவின் முக்காடுதான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து கோயில் வாசலைத் தாண்டியதும் எல்லாப் பெண்களையும்போல அம்மாவும் முக்காட்டை எடுத்துவிடுவாள். கொஞ்ச தூரம் போனதும், அந்த உடைமரம் வருகிற இடத்தில், மறுபடியும் முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொள்வாள். பத்து எட்டு வைத்தபின் எடுத்துவிடுவாள். வெயிலுக்கு என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தேன். மழைக்காலத்திலும் செய்தாள் என்பது பிற்பாடுதான் எனக்கு உறைத்தது. சபை நடத்தாத ஆராதனையை அவள் ஒருத்தியே அந்தப் பத்து எட்டுக்குள் ஒவ்வொரு வாரமும் நடத்திக்கொண்டிருந்திருக்கிறாள்.

போன வருஷம் எங்கள் பிள்ளைக்குக் குழி வெட்டின இடத்திலிருந்து கையெட்டும் தூரத்தில் அந்த உடைமரத்தின் அடிக்கட்டை இருந்தது.

இந்த வழக்கத்தின் வேர் எது என்று ஓய்வுபெற்ற நாளிலிருந்து தேடி வாசித்துக்கொண்டிருக்கிறேன். நம் சபைகள் சி.எம்.எஸ்., எஸ்.பி.ஜி. என்கிற இங்கிலாந்து மிஷன் சங்கங்கள் வழியாக வந்தவை. அவர்கள் கையில் இருந்தது இங்கிலாந்துத் திருச்சபையின் 1662-ம் வருஷத்து ஜெபப்புத்தகம். அதில் அடக்க ஆராதனையின் தலைப்பிலேயே ஒரு குறிப்பு இருக்கிறது. ஞானஸ்நானம் பெறாமல் இறந்தவர்கள், சபையைவிட்டு விலக்கப்பட்டவர்கள், தங்கள் உயிரைத் தாங்களே போக்கிக்கொண்டவர்கள் ஆகிய மூன்று பேருக்கும் இந்த ஆராதனையைச் சொல்லக்கூடாது. நாலு நாள் பிள்ளையை எந்த வரிசையில் நிறுத்தியிருக்கிறார்கள் என்று பாருங்கள். தற்கொலை செய்துகொண்டவர்களுக்கும் இந்தக் கதவை அடைத்தது சரியென்று நான் நினைக்கவில்லை. அது தனியாக எழுதவேண்டிய விஷயம். எனக்கு அதிகமாகப் பட்டது வேறொன்று. இதற்கு முந்தின 1549, 1552-ம் வருஷத்துப் புத்தகங்களில் இந்தக் குறிப்பே கிடையாது. 1662-ல்தான் சேர்த்தார்கள். அப்போஸ்தலர் காலத்திலிருந்து வருவதுபோல நம் ஊரில் காக்கப்படுகிற வழக்கத்துக்கு, அந்தப் புத்தகத்தில் வயசு அவ்வளவுதான்.

அதே புத்தகத்தில் ஞானஸ்நான ஆராதனையின் முடிவில் இன்னொரு வரி உண்டு. ஞானஸ்நானம் பெற்ற பிள்ளைகள் தாங்களே பாவம் செய்யுமுன் இறந்தால் சந்தேகமில்லாமல் இரட்சிக்கப்பட்டவர்கள் என்கிறது அது. பெறாத பிள்ளைகளைப் பற்றி வாய் திறக்கவில்லை. அந்த மௌனத்தைத்தான் நம் ஊர்கள் பயத்தால் நிரப்பிக்கொண்டன. 1947 செப்டம்பர் 27-ல் தென்னிந்தியத் திருச்சபை உண்டானது, பிறகு நமக்கென்று ஆராதனை முறைகளும் வந்தன. கள்ளிவேலி போய்க் கல் மதில் வந்தது. வெளியே வைப்பது மட்டும் போகவில்லை.

இன்னும் பின்னால் போனால் வட ஆப்பிரிக்காவில் ஹிப்போ நகரத்து அத்தியட்சர், அதாவது பிஷப், அகுஸ்தீன் நிற்கிறார். 354-ல் பிறந்து 430-ல் இறந்தவர். மனுஷன் தன் முயற்சியாலேயே நீதிமானாக முடியும் என்கிற பெலாகியு என்பவரின் போதனையை எதிர்த்து அவர் போராடினார். அந்தப் போராட்டத்தில் அவர் பக்கம்தான் சரி என்று நானும் நம்புகிறேன். கிருபையில்லாமல் நான் ஒரு நாளும் நின்றதில்லை. ஆனால் அந்தப் போராட்டத்தின் வேகத்தில், ஞானஸ்நானம் பெறாத பச்சைப்பிள்ளையும் ஆக்கினைக்குள்தான் போகும், அது எல்லாவற்றிலும் இலேசான ஆக்கினை என்கிற இடம்வரைக்கும் அவர் போய்விட்டார். 418-ல் கார்த்தேஜில் கூடின சங்கம் பெலாகியுவின் போதனையைத் தள்ளியது. அன்றுமுதல் மேற்கத்தியச் சபைகளில் இந்தப் பயம் வேர்விட்டது.

அவர் ஆதாரமாகப் பிடித்த வசனங்களில் ரோமர் 5:12 ஒன்று. அவர் வாசித்தது லத்தீன் மொழிபெயர்ப்பு. அதில் 'அவனுக்குள் எல்லாரும் பாவஞ்செய்தார்கள்' என்று பொருள்படும்படி இருந்தது. ஆதாமுக்குள் நாம் எல்லாருமே குற்றவாளிகள் என்று அவர் எடுத்துக்கொண்டார். நம் வீட்டு வேதாகமத்தைத் திறந்து அதே வசனத்தை வாசியுங்கள். 'எல்லா மனுஷரும் பாவஞ்செய்தபடியால், மரணம் எல்லாருக்கும் வந்ததுபோலவும்' என்றிருக்கிறது. 'செய்தபடியால்.' கிரேக்க மூலத்தை ஒட்டி நம் பெரியவர்கள் அப்படித்தான் தமிழாக்கினார்கள். என் அம்மா எழுத்துக்கூட்டி வாசித்த வேதத்தில் அகுஸ்தீன் வாசித்த அந்த வரி இல்லவே இல்லை.

கீழைத் திருச்சபைகளும் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறவைதான். அங்கே பேர்போன பிரசங்கியான கிறிசோஸ்தொம், பாவம் இல்லாதிருந்தும் குழந்தைகளுக்கு நாம் ஞானஸ்நானம் கொடுக்கிறோம், அவர்கள் பரிசுத்தமும் புத்திர சுவிகாரமும் சுதந்தரமும் பெறும்படி என்ற கருத்தில் போதித்தார். இவரும் அகுஸ்தீன் காலத்தவரே. அதற்கும் முன்னே, 253-ம் வருஷத்தையொட்டி, கார்த்தேஜில் 66 அத்தியட்சர்கள் கூடி, ஞானஸ்நானத்துக்கும் விருத்தசேதனத்தைப்போல எட்டாம் நாள்வரைக்கும் காத்திருக்க வேண்டுமா என்று ஆலோசித்தார்கள். வேண்டாம், பிறந்த எந்தப் பிள்ளைக்கும் தேவ இரக்கத்தை மறுக்கக்கூடாது என்றார்கள். கதவைத் திறந்து வைப்பதற்காக எடுத்த தீர்மானம் அது. அதையே கதவை அடைக்கிற தாழ்ப்பாளாக நாம் மாற்றிக்கொண்டோம்.

அகுஸ்தீனைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். சிறுவயதில் கடுமையாக வயிற்றுநோய் கண்டு, ஞானஸ்நானம் வேண்டும் என்று அவரே கேட்டார். அவருடைய தாய் மோனிக்கா ஏற்பாடு செய்தாள். நோய் தெளிந்ததும் தள்ளிப்போட்டாள். 387-ல், முப்பது வயசு தாண்டி, மிலானில் அந்த ஊர் அத்தியட்சர் அம்புரோஸ் கையால்தான் அவருக்கு ஞானஸ்நானம் ஆனது. மோனிக்காவைச் சபை பரிசுத்தவதி என்கிறது. புருஷன் மஸ்கட்டிலிருந்து வரட்டும் என்று மூன்று நாள் பொறுத்திருந்த எங்கள் பிள்ளையை மட்டும் ஏன் குற்றவாளிபோலப் பார்த்தோம்?

பிள்ளை இறந்த வீட்டில் சிலர் எடுத்துச் சொல்கிற வசனம் 51-ம் சங்கீதம். 'இதோ, நான் துர்க்குணத்தில் உருவானேன். என் தாய் என்னைப் பாவத்தில் கர்ப்பந்தரித்தாள்.' இது தாவீது தன்னைப் பற்றி அழுதது. பிறன் மனைவியான பத்சேபாளிடத்தில் போன பிறகு நாத்தான் தீர்க்கதரிசி வந்து கண்டித்தபோது பாடினது என்று சங்கீதத்தின் தலைப்பே சொல்கிறது. அந்தக் கதையிலேயே அவர்களுக்குப் பிறந்த ஒரு பச்சைப்பிள்ளை சாகிறது. 'ஏழாம் நாளில் பிள்ளை செத்துப்போயிற்று.' நோயின் ஏழாம் நாளா, பிறந்த ஏழாம் நாளா என்று கற்றவர்கள் வாதிப்பார்கள். பிறந்த ஏழாம் நாளானால் விருத்தசேதனத்தின் எட்டாம் நாள் அந்தப் பிள்ளைக்கு வரவே இல்லை. தாவீது எழுந்து முகம் கழுவி என்ன சொன்னான்? 'நான் அதினிடத்துக்குப் போவேனே அல்லாமல், அது என்னிடத்துக்குத் திரும்பி வரப்போகிறது இல்லை.' தன்னைக் குறித்து அவ்வளவு கடுமையாகப் பேசினவனுக்குத் தன் பிள்ளையைக் குறித்து ஒரு துளி சந்தேகம் இல்லை. போய்ச் சேருமிடத்தில் பிள்ளை இருக்கும் என்று இருந்தான். ஐயர்மாரே, இனி ஒரு பிள்ளை இறந்த வீட்டுக்குப் போனால் 51-ம் சங்கீதத்தை மூடிவைத்துவிட்டு 2 சாமுவேல் 12-ஐ வாசியுங்கள்.

கத்தோலிக்கர் பக்கத்தில் இருக்கிற ஒன்றையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். 1983-ல் வந்த அவர்களுடைய திருச்சபைச் சட்டத்தில், பெற்றோர் ஞானஸ்நானம் கொடுக்க எண்ணியிருந்து பிள்ளை அதற்குமுன் இறந்தால், ஆயரின் அனுமதியோடு சபையின் அடக்கச் சடங்கு செய்யலாம் என்று இருக்கிறது. 2007-ல் வத்திக்கானின் இறையியல் ஆணைக்குழு, இப்படிப்பட்ட பிள்ளைகள் இரட்சிக்கப்படுவார்கள் என்று நம்பிக்கைகொள்ளக் காரணங்கள் உண்டு என்று விரிவாகவே எழுதிவிட்டது. எவ்வளவோ பழைய சட்டதிட்டங்களைச் சுமந்து வந்தவர்கள் அவர்கள். அவர்களே இவ்வளவு தூரம் வந்துவிட்டார்கள்.

கடற்கரை ஊர் ஒன்றில் நான் வேலை பார்த்த முதல் வருஷங்கள் அடிக்கடி நினைவுக்கு வருகின்றன. 1542-ல் சவேரியார் அந்தக் கரைக்கு வந்து, ஞானஸ்நானம் ஆகாத பிள்ளைகளுக்கெல்லாம் ஊர் ஊராய் ஞானஸ்நானம் கொடுத்ததாகத் தம் கடிதத்தில் எழுதியிருக்கிறார். அந்த அவசரம் அங்கே இன்னும் உயிரோடு இருந்தது. ஒரு ராத்திரி, அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில், கழுத்தில் கொடி இரண்டு சுற்றுச் சுற்றிப் பிள்ளை வந்தது. வாழைத்தண்டு நிறம். சளியை உறிஞ்சி எடுத்தேன், முதுகைத் தேய்த்தேன், வாயில் ஊதினேன். நெஞ்சு மட்டும் லேசாகத் துடித்தது. பிள்ளையின் பாட்டி செம்பில் தண்ணீரோடு என் பக்கத்தில் வந்து நின்றாள். "சிஸ்டர், ஊத்துங்க. சாமியார் வர நேரமாவும். நீங்களே ஊத்துங்க." பேர் என்ன என்றேன். "அந்தோணி." இடதுகையில் பிள்ளையைத் தாங்கிக்கொண்டு வலதுகையால் மூன்று தரம் தண்ணீர் விட்டு, பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தினாலே என்று சொன்னேன். தண்ணீர் பட்டதும் பிள்ளை ஒரு முறை விரலை விரித்தது. இருபது நிமிஷம் இருந்தது.

மறுநாள் அந்த ஊர்க் கோயிலில் மணி அடித்தது. சின்னப் பிள்ளைகள் கையில் பூவோடு முன்னே நடந்தார்கள். மண்ணை மூடும்போது அந்தப் பாட்டி என்னைப் பார்த்துக் கும்பிட்டாள்.

அன்று செய்ததை இன்றும் செய்வேன். அந்தத் தண்ணீரில் கிருபை இருந்தது என்று நம்புகிறேன். ஆனால் அந்தோணிக்கும் என் அண்ணனுக்கும் நடுவே இருந்த வித்தியாசம் என்ன? ஒரு செம்புத் தண்ணீரும், அந்நேரம் ஒருத்தி பக்கத்தில் நின்றதும்தானே. பரலோகத்தின் கதவு, பக்கத்தில் நர்சு இருக்கிறாளா, ஐயர் ஊரில் இருக்கிறாரா என்று பார்த்தா திறக்கும்? நான் எத்தனையோ பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போட்டவள். ஊசி தவறினால் நோய் வந்து தாக்கும். தேவனுடைய அன்பை நோய்க்கு ஒப்பாக வைத்து, அதற்குத் தடுப்பாக ஞானஸ்நானம் என்று எண்ணினால், நாம் யாரை வணங்குகிறோம்? 'சிறு பிள்ளைகள் என்னிடத்தில் வருகிறதற்கு இடங்கொடுங்கள்; அவர்களைத் தடைபண்ணாதிருங்கள்' என்றவர், அவர்களுக்கு ஞானஸ்நானம் ஆகிவிட்டதா என்று கேட்கவில்லை. வாரி அணைத்துக்கொண்டார்.

இதை வாசித்துவிட்டு, அப்படியானால் குழந்தை ஞானஸ்நானமே வேண்டாமே, வளர்ந்து விசுவாசித்து ஆற்றில் முழுக்கு எடுக்கலாமே என்று சில சகோதரர்கள் சொல்வார்கள். தாமிரபரணிக் கரையில் அப்படி முழுகினவர்கள் என் சொந்தத்திலேயே உண்டு. அவர்கள் பக்தியைக் குறைவாகப் பேசமாட்டேன். என் மனசுக்குக் குழந்தை ஞானஸ்நானம்தான் சுவிசேஷத்தின் தெளிவான படம். கழுத்து நிற்காத பிள்ளை, விசுவாசப் பிரமாணம் சொல்லத் தெரியாத பிள்ளை, காணிக்கை போடாத பிள்ளை. அதைத் தேவன் பேர் சொல்லி அழைக்கிறார். நான் தேடுமுன்னே அவர் என்னைத் தேடினார் என்பதை இதைவிட எப்படிக் காட்டுவது? அந்த அன்பு தண்ணீர் படுகிற நிமிஷத்தில்தான் தொடங்குகிறது என்றால், 'தேடுமுன்னே' என்ற வார்த்தைக்குப் பொருளே இல்லாமல் போய்விடும்.

ஜென்ம பாவமே இல்லை என்று நான் சொல்லவில்லை. கண்ணால் கண்டிருக்கிறேன். பிரசவ அறையில் பிள்ளையைத் துடைத்துத் தாயிடம் கொடுக்கும் முன்னே, வெளியே நிற்கிறவர்கள் பக்கத்துக் கட்டில்காரர்களிடம் "நீங்க என்ன ஆளுக?" என்று கேட்பார்கள். பேர் வைக்குமுன் நாம் பிள்ளைக்குச் சாதி வைத்துவிடுகிறோம். பிள்ளை கேட்டு வாங்கவில்லை. முதல் மூச்சு இழுக்கும்போதே அதுவும் சேர்ந்து உள்ளே போகிறது. பிற்பாடு அதுவே அந்தப் பிள்ளையின் பேச்சாக, நடையாக, சிலசமயம் கையில் அரிவாளாகவும் மாறுகிறது. ஆதாம் தொடங்கி வருகிற பாவம் எப்படிப் பிறப்போடு ஒட்டும் என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன். வடக்கன்குளத்துக் கத்தோலிக்கக் கோயிலுக்குள் சாதிக்கு ஒரு பக்கம் என்று தடுப்பு இருந்தது; 1910-ல்தான் அதை அகற்றினார்கள், வழக்கு சென்னை உயர்நீதிமன்றம்வரைக்கும் போனது. நம் பக்கமும் கை சுத்தமில்லை. செத்த பிறகும் சாதிவாரியாகப் படுத்திருக்கிற கல்லறைத் தோட்டங்களை நாம் அறிவோம்.

ஆக, பிறப்போடு ஒட்டுகிற பாவத்தை அந்தப் பிள்ளைக்கு ஒட்டிவைக்கிறவர்கள் நாம். பிள்ளை இறந்தால், அந்தப் பாவத்தின் பேரால் அதை வெளியே வைக்கிறவர்களும் நாமே. ஞானஸ்நானத் தொட்டியண்டையில் பெற்றோரும் ஞானப்பெற்றோரும் வாக்குக் கொடுக்கும்போது சபையும் சேர்ந்து நிற்கிறதே, அது நாம் மாறுவோம் என்று கொடுக்கிற வாக்கு என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

நம் சபையின் தாய் கிளாரிந்தா அம்மாளை நினைத்துப் பாருங்கள். ஞானஸ்நானம் வேண்டும் என்று அவள் கேட்டபோது மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் முதலில் மறுத்துவிட்டார். கல்யாணமில்லாமல் ஒரு வெள்ளைக்கார அதிகாரியோடு இருந்தாள் என்பது காரணம். அந்த அதிகாரி இறந்தபின், 1778-ல், பாளையங்கோட்டையில் அவரே கொடுத்தார். 1780-ல் எழுதின சபைப் பதிவேட்டில் 40 பேர்கள், முதல் பேர் அவளுடையது. காத்திருந்த அந்த வருஷங்களில் அவள் இறந்திருந்தால் வேலிக்கு எந்தப் பக்கத்தில் வைத்திருப்போம்? இன்று அவள் பேரைச் சொல்லாமல் நம் சபையின் சரித்திரத்தைத் தொடங்க முடியுமா?

இனி என் விண்ணப்பம். எங்கள் ஊர்க் கமிட்டிக்குத் தனியாக எழுதிக் கொடுத்துவிட்டேன். மற்ற ஊர்களிலும் இப்படிப்பட்ட மதில்கள் இருப்பதால் உங்கள் எல்லாருக்கும் எழுதுகிறேன்.

மதிலை இடிக்கச் சொல்லவில்லை. எங்கள் தோட்டத்து மேற்கு மதிலை இருபது அடி தள்ளிக் கட்டினால் போதும், உடைமரத்தின் அடிக்கட்டை உள்ளே வந்துவிடும். அங்கே எத்தனை பிள்ளைகள் படுத்திருக்கிறார்கள் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. எல்லாரும் உள்ளே வந்துவிடுவார்கள். கல்லுக்கும் சிமெண்டுக்கும் ஆகிற செலவை என் ஓய்வூதியத்திலிருந்து தருகிறேன். புதுமதில் எழும்பின பிறகு ஒரு நாள் ஐயர் அங்கியோடு வந்து, அந்த இடத்தில் நின்று, முழு ஆராதனையையும் வாசிக்க வேண்டும். மணி அடிக்க வேண்டும். ஜென்ம பாவம் என்ற சொல்லை விட முடியாவிட்டால், துக்க வீட்டிலாவது 'ஆதிப் பாவம்' என்று சொல்லிப் பழகுங்கள். கேட்கிறவள் ஆதாமை நினைப்பாள், தன் வயிற்றை நினைக்கமாட்டாள்.

அடக்கப் பதிவேட்டில் இரண்டு வரி வேண்டும். ஒன்று 1955-ம் வருஷத்துக்கு. 2003-ல் அம்மா சாவதற்கு இரண்டு நாள் முன்னே என்னிடம் சொன்னாள்: "அவனுக்கு நான் பேரு வச்சிருந்தேம்மா. யார்ட்டயும் சொல்லல." ஏனோக்கு. ஆதியாகமம் 5-ல் அவள் கண்டெடுத்த பேர். 'தேவன் அவனை எடுத்துக்கொண்டார்' என்றிருக்கிறதே, அதற்காக வைத்தாளாம். நாற்பத்தெட்டு வருஷம் அந்தப் பேரை வாய்க்குள்ளேயே வைத்திருந்திருக்கிறாள். அதை எழுதுங்கள்.

இன்னொரு வரி போன வருஷம் ஆடி மாசத்துக்கு. பெண்பிள்ளை. அக்கா மகள் ஒரு பேர் வைத்திருக்கிறாள் என்று தெரிகிறது. இன்னும் யாரிடமும் சொல்லவில்லை, கேட்க எனக்குத் துணிவும் வரவில்லை. அவள் சொல்லுகிற அன்று எழுதிக்கொள்ளலாம். தேதியை மட்டும் போட்டு, பேர் எழுதுகிற இடத்தை வெறுமையாக விட்டு வையுங்கள்.

இப்படிக்கு,
கர்த்தருக்குள் உங்கள் சகோதரி,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்,
தேரிக்காட்டு ஓரம்.